ஊசி பாதி, பேச்சு பாதி

1845 ஏப்ரல் 4. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி சிறையின் மருத்துவமனை. ஒரு கைதிக்கு இரண்டு பக்கமும் விரைவீக்கம். ஸ்காட்லாந்திலிருந்து வந்த டாக்டர் ஜேம்ஸ் எஸ்டெயில் அன்றைய வழக்கப்படி ஒரு பக்கத்து நீரை வடித்தார். அது மறுபடி சேராமலிருக்க உள்ளே எரிச்சல் மருந்தைச் செலுத்தினார். கைதி வலியில் துடித்துப்போனார். அப்போதுதான் எஸ்டெயிலுக்கு அந்த யோசனை தோன்றியது. ஐரோப்பாவில் மெஸ்மெரிசம் என்று ஏதோ பேசிக்கொள்கிறார்கள். அவர் அதைப் படித்திருந்தாரே தவிர, யாரும் செய்ததை நேரில் பார்த்ததில்லை. எதிரே உட்கார்ந்து, கைதியின் உடம்பைத் தொட்டும் தொடாமலும் கைகளைத் திரும்பத் திரும்ப மேலிருந்து கீழாக இறக்கிக்கொண்டே இருந்தார். நேரம் போகப் போக கைதியின் முனகல் நின்றது. குத்தினாலும் சுட்டாலும் அசைவில்லை.

அடுத்த மாதங்களில் எஸ்டெயில் கத்தியை எடுத்தார். யானைக்கால் கிருமி பரவியிருந்த வங்கத்தில், நடக்கவே முடியாத அளவுக்கு விரைப்பை பெருத்த நோயாளிகள் ஏராளம். அந்தக் கட்டிகளை வெட்டியெடுப்பதென்றால் வலியிலும் ரத்தப்போக்கிலும் பலர் செத்துப்போவார்கள். மெஸ்மெரிச உறக்கத்தில் செய்தபோது சாவு வெகுவாகக் குறைந்ததாக எஸ்டெயில் எழுதி வைத்திருக்கிறார். கையசைக்கும் வேலையை அவர் தன் வங்காளி உதவியாளர்களுக்குப் பழக்கிவிட்டார். இருட்டறையில் நோயாளியின் தலைமாட்டில் அவர்கள் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். அரசாங்கம் ஒரு குழு அமைத்துப் பார்வையிட்டது. சிலரிடம் பலித்தது, சிலரிடம் எத்தனை நாள் முயன்றும் பலிக்கவில்லை. ஆனாலும் 1846-ல் கல்கத்தாவில் அவருக்கென்று ஒரு சின்ன மருத்துவமனை கிடைத்தது.

பாவம், நேரம் சரியில்லை. அதே 1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியை முகரக் கொடுத்தார். ஜான் காலின்ஸ் வாரன் என்ற மூத்த அறுவை நிபுணர் அந்த நோயாளியின் கழுத்துக் கட்டியில் கத்தி வைத்தார். டிசம்பர் 21-ல் லண்டனில் ராபர்ட் லிஸ்டன் ஈதர் கொடுத்து ஒருவரின் காலை எடுத்தார். முடித்ததும், இந்த அமெரிக்கத் தந்திரம் மெஸ்மெரிசத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது என்ற பொருளில் அவர் சொன்னதாகக் கதை உண்டு. லிஸ்டனின் குதூகலத்துக்கு உள்ளூர்க் காரணம் இருந்தது. அவருடைய லண்டன் மருத்துவமனையிலேயே ஜான் எலியட்சன் என்ற பேராசிரியர் மெஸ்மெரிசம் செய்தே தீருவேன் என்று நின்று, 1838-ல் பதவியை விட்டு வெளியேறியிருந்தார்.

ஈதர் வென்றது நியாயம்தான். யார் கொடுத்தாலும், யாருக்குக் கொடுத்தாலும் அது வேலை செய்தது. நோயாளிக்கு நம்பிக்கை இருக்கிறதா, சந்தேகம் இருக்கிறதா என்று அது கேட்கவில்லை. மணிக்கணக்கு நிமிடக்கணக்கானது. அந்த வெற்றியில் ஒன்று மட்டும் தொலைந்துபோனது: தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஆள்.

தமிழில் மயக்கம் என்ற சொல்லுக்கு எத்தனை வேலை! வெயிலில் நின்றால் மயக்கம், காதலிலும் மயக்கம், அர்த்தம் புரியாவிட்டால் சொல்மயக்கம், ஆபரேஷன் தியேட்டரில் கொடுப்பதும் மயக்கம். மருத்துவத்தில் இந்த ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. நினைவை அணைப்பது ஒன்று. வலியைத் தடுப்பது இன்னொன்று. தசைகளைத் தளர்த்துவது, நடந்ததை மறக்கச்செய்வது, பயத்தைத் தணிப்பது எல்லாம் தனித்தனி. ஈதர் இவை அத்தனையையும் மொத்தமாகச் செய்ததால், இவை ஒன்றுதான் என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

இன்றைய மருந்துகள் வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. புரோபோஃபோல் என்ற வெள்ளை மருந்தைப் பார்த்தவர்கள் பால் என்றே நினைப்பார்கள். அது தண்ணீரில் கரையாது. அதனால் சோயா எண்ணெயிலும் முட்டைக்கருவிலிருந்து எடுத்த லெசித்தினிலும் கலந்து வைத்திருக்கிறார்கள். கையில் ஏறும்போது சற்று எரியும். ஒரு நிமிடத்துக்குள் ஆள் போய்விடுவார். இதை உருவாக்கிய ஜான் க்ளென் ஒரு கால்நடை மருத்துவர். 2018-ல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. மூளையில் ‘காபா’ என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. நரம்பணுக்களை அமர்த்துவதுதான் அதன் வேலை. அது வந்து ஒட்டும் கதவைப் புரோபோஃபோல் இன்னும் கொஞ்ச நேரம் திறந்தே பிடித்துக்கொள்கிறது. குளோரைடு அயனிகள் உள்ளே பாய, நரம்பணு அடங்குகிறது. மிடசோலமும் அதே கதவைத்தான் பிடிக்கிறது, ஆனால் வேறு கைப்பிடியில். அதைப் போட்டுக்கொண்டவர் உங்களோடு பேசிக்கொண்டே இருப்பார், மறுநாள் ஒரு வார்த்தையும் ஞாபகம் இருக்காது. கீட்டமின் வழியே வேறு: கண் திறந்திருக்கும், ஆள் வேறெங்கோ இருப்பார். டெக்ஸ்மெடெடோமிடின் மூளைத்தண்டில் விழிப்பைத் தூண்டும் சிறு நரம்புத் திரளை அமர்த்துகிறது. அதனால் அதைப் போட்டுத் தூங்குகிறவர், பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறப்பார்.

(மயங்குவதற்கு மூளையே தேவையில்லை என்பது ஒரு வேடிக்கை. 1870-களில் பிரெஞ்சு உடலியல் அறிஞர் க்ளாட் பெர்னார் தொட்டாற்சுருங்கிச் செடியைக் கண்ணாடி மூடிக்குள் வைத்து ஈதர் காட்டினார். செடி தொட்டும் சுருங்கவில்லை. ஈதரை எடுத்ததும் பழையபடி சுருங்கியது.)

லேசான அமைதிக்கும் ஆழ்ந்த மயக்கத்துக்கும் நடுவே சுவர் ஏதும் கிடையாது, சறுக்குமரம்தான். ஒருவருக்குக் கண் சொருகவைக்கும் அளவு, இன்னொருவருக்கு மூச்சையே நிறுத்தலாம். குறட்டைவிட்டு மூச்சுத் திணறித் தூங்குபவர்கள், உடல் பருத்தவர்கள், வயதானவர்கள் இந்தச் சறுக்கலில் வேகமாக இறங்குவார்கள். மிடசோலம் வகை மருந்துகள் முதியவர்களை, அதிலும் ஐ.சி.யூ.வில் கிடப்பவர்களை, சித்தம் கலங்கிப் பிதற்றவைக்கக்கூடும். ஆகவே மயக்கவியல் மருத்துவருக்கு எப்போதும் ஒரு கணக்கு இருந்துகொண்டே இருக்கும்: இதைவிடக் குறைவாகக் கொடுத்து வேலையை முடிக்க முடியுமா? பேச்சு, ஹிப்னாசிஸ், இசை போன்ற துணைச் சிகிச்சைகள் தியேட்டருக்குள் திரும்பி வந்தது இந்தக் கணக்கின் வழியாகத்தான். மருந்தில்லாமல் செய்வோம் என்று யாரும் கிளம்பவில்லை. மருந்தைக் குறைக்கப் பார்த்தார்கள், அவ்வளவே.

முதல் அடி அதே மாசசூசெட்ஸ் மருத்துவமனையில் விழுந்தது. லாரன்ஸ் எக்பர்ட் என்ற மயக்கவியல் மருத்துவரும் அவர் குழுவும் 1963-ல் ஓர் எளிய கேள்வி கேட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் படபடப்பைத் தணிக்க பென்டோபார்பிட்டால் ஊசி போடுகிறோமே, அதற்குப் பதில் முந்தின நாள் மயக்க டாக்டரே வந்து நாளைக்கு என்ன நடக்கும் என்று சில நிமிடம் பேசினால் எப்படி இருக்கும்? ஊசி போட்டுக்கொண்டவர்கள் தூங்கி வழிந்தார்கள், ஆனால் பயம் போகவில்லை. டாக்டரோடு பேசியவர்களுக்குத் தூக்கம் வரவில்லை, பயம் அடங்கியிருந்தது. தூக்கமும் நிம்மதியும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

மறுவருடம் அதே குழு இன்னும் ஒரு படி போனது. வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 97 பேர். அவர்களில் ஒரு பாதிக்கு, வலி எங்கே வரும், எவ்வளவு நேரம் இருக்கும், அது தசை இறுகுவதால் வருவது, மூச்சை இழுத்துவிட்டு எப்படித் தளர்த்துவது, எப்படிப் புரண்டு படுப்பது என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தார். யாருக்குச் சொன்னார் என்பது அறுவை மருத்துவர்களுக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டவர்களுக்கு வலி மருந்து கிட்டத்தட்டப் பாதிதான் தேவைப்பட்டது. சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள்.

வெறும் பேச்சு எப்படி மருந்தின் அளவைக் குறைக்கும்? 1978-ல் சான் பிரான்சிஸ்கோவில் கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டவர்களிடம் இதற்கு ஒரு விடை கிடைத்தது. மருந்தே இல்லாத ஊசியைப் போட்டும் சிலருக்கு வலி குறைந்தது. அவர்களுக்கு நலோக்சோன் கொடுத்தார்கள். அது மார்ஃபின் வகை மருந்துகளின் வேலையை முறிக்கும் பொருள். உடனே வலி ஏறியது. அப்படியானால் நம்பிக்கை தந்த நிவாரணம் உடம்பு தானே சுரக்கும் அபினி போன்ற பொருள்களின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். வலி குறைந்ததாக அவர்கள் சொன்னது பொய்யோ பாவனையோ இல்லை, வேதியியல்.

இத்தாலியின் தூரின் நகரில் ஃபாப்ரிசியோ பெனடெட்டி செய்த சோதனைகள்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தவை. ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு ஒரே மருந்தை இரண்டு விதமாகக் கொடுத்தார். ஒரு விதத்தில் டாக்டர் கட்டிலருகே வந்து, இதோ மருந்து போடுகிறேன் என்று சொல்லிப் போட்டார். மறு விதத்தில் கணினி இயக்கும் பம்ப், நோயாளிக்குத் தெரியாமல் டியூபில் செலுத்தியது. மார்ஃபின் ஒளிந்து வந்தபோது அதன் பலம் குறைந்தது. படபடப்புக்குக் கொடுக்கும் டயஸெபம் ஒளிந்து வந்தபோது பலனே தெரியவில்லை. அதே மருந்து, அதே அளவு. வேலை செய்ய அதற்குக்கூட ஓர் ஆள் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

என் குடலிறக்க ஆபரேஷனில் இதில் கொஞ்சத்தை நானே உடம்பில் அறிந்தேன். முதுகில் ஊசி போட்டுத்தான் செய்வோம் என்றார்கள். குனிந்து உட்காரச் சொன்னார்கள். பின்னால் நின்ற சிஸ்டர், “எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் சார், அவ்ளோதான்” என்றார். நான் அந்த எறும்புக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். முதுகெல்லாம் எறும்பு! எல்விரா லாங் என்ற கதிரியக்க மருத்துவர் இந்த எறும்பைத்தான் ஆராய்ந்தார் என்பது பிறகு தெரியவந்தது. ஊசி குத்தும் நேரத்தில் ‘வலிக்கும்’ என்று எச்சரிப்பது வலியையும் படபடப்பையும் கூட்டுகிறது, வலித்தபின் அனுதாபமாக அந்தச் சொல்லையே பயன்படுத்துவது படபடப்பைக் கூட்டுகிறது என்று அவர் குழு 2005-ல் கண்டது. எக்பர்ட் வலியைப் பற்றி விளக்கிச் சொன்னது பலன் தந்ததே, இது முரண் ஆகாதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எக்பர்ட் முந்தைய நாளே, என்ன செய்தால் தணியும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். குத்தும் நொடியில் எறும்பை மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை.

லாங் அதற்கு முன், 2000-ல், இன்னும் பெரிய சோதனையை வெளியிட்டிருந்தார். ரத்தக்குழாயிலும் சிறுநீரகத்திலும் குழாய் செலுத்திச் செய்யும் சிகிச்சைகளுக்கு வந்த 241 பேர். எல்லோருமே விழித்திருப்பவர்கள், எல்லோருக்கும் வேண்டும்போது மருந்து கிடைக்கும். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இரண்டாவது பிரிவுக்கு அருகிலேயே இருந்து அனுசரணையாகப் பேச ஓர் ஆள். மூன்றாவதற்கு அந்த ஆளோடு, மெஸ்மெரிசத்தின் வழிவந்த, சுயமாக மனதைத் தளர்த்தும் ஹிப்னாசிஸும். பின் இரண்டு பிரிவுகளுக்கும் மருந்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நேரமும் மிச்சமானது: வழக்கமான முறையில் 78 நிமிடம், ஆள் இருந்தால் 67, ஹிப்னாசிஸோடு 61. பேச்சுக்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்கும் மருத்துவமனை நிர்வாகங்கள் இந்த மூன்று எண்களையும் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

எஸ்டெயில் விட்ட இடத்திலிருந்து தொடங்கியவர் என்று பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையின் மாரி-எலிசபெத் ஃபேமோன்வீலைச் சொல்லலாம். 1992 முதல் அங்கே தைராய்டு போன்ற ஆபரேஷன்களை இப்படிச் செய்கிறார்கள்: கழுத்தில் மரத்துப்போகும் ஊசி, ரத்தத்தில் மிகக் குறைந்த அளவு மயக்க மருந்து, கூடவே ஹிப்னாசிஸ். நோயாளியிடம் முன்பே, உங்கள் வாழ்க்கையில் சந்தோஷமான ஒரு நேரத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வார்கள். ஒருவர் கடற்கரைக்குப் போன விடுமுறையைச் சொல்வார். தியேட்டரில் மயக்க டாக்டர் தாழ்ந்த குரலில் அந்தக் கடற்கரைக்கே அவரைக் கூட்டிப்போவார். விளக்கு மங்கல், யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அறுவை மருத்துவரும் திசுக்களை இழுக்காமல் பதமாகக் கை வைக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோருக்கு இப்படிச் செய்திருக்கிறார்கள். தாங்க முடியாவிட்டால் முழு மயக்கத்துக்கு மாற எல்லாம் தயாராக இருக்கும். எஸ்டெயிலிடம் இல்லாதது அந்தத் தயார்நிலைதான்.

ஹிப்னாசிஸில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதையும் ஓரளவு பார்த்துவிட்டார்கள். 1997-ல் மொன்ட்ரியாலில் பியர் ரான்வீல் குழு தன்னார்வலர்களின் கையை 47 டிகிரி வெந்நீரில் வைத்து மூளையைப் படமெடுத்தது. ஹிப்னாசிஸில், இது அவ்வளவு தொந்தரவாக இல்லை என்று சொன்னபோது, சூட்டைப் பதிவு செய்யும் புறணிப் பகுதி அப்படியே இருந்தது. வலியின் வேதனையோடு தொடர்புடைய முன் சிங்குலேட் பகுதியில் செயல்பாடு இறங்கியது. வலி வந்து சேர்கிறது, வதைப்பது குறைகிறது. ஆனால் எல்லோருக்கும் ஹிப்னாசிஸ் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. கல்கத்தாக் குழு கண்ட குறை இன்றும் குறைதான்.

இசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் விஷயம் எளிது. 73 சோதனைகளைத் திரட்டி 2015-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு, ஆபரேஷனை ஒட்டி இசை கேட்டவர்களுக்கு வலி, படபடப்பு, வலி மருந்தின் தேவை மூன்றும் குறைந்ததைக் காட்டியது. 2019-ல் அமெரிக்காவில், நரம்பை மரக்கவைக்கும் ஊசிக்கு வந்த 157 பேரில் பாதிப் பேருக்கு மிடசோலம், மீதிக்கு ஹெட்போனில் அமைதியான இசை. படபடப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிந்தது. ஆனால் இசைக்காரர்களுக்குத் திருப்தி குறைவு. பாட்டை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியவில்லை, காதை அடைத்த ஹெட்போனால் டாக்டரோடு பேசவும் சிரமம். எனக்கு இது நன்றாகவே புரிகிறது. என் ஆபரேஷனின்போது மூலையில் எஃப்.எம். ஓடிக்கொண்டிருந்தது. இளையராஜா பாட்டு ஒன்று வந்தது. இடுப்புக்குக் கீழே யாரோ வேறொருவரின் உடம்பு என்பதுபோல மிதந்துகொண்டிருந்தேன். சரணம் தொடங்கும் நேரம் பார்த்து நகைக்கடை விளம்பரம் போட்டார்கள். மானிட்டரில் என் இதயத்துடிப்பு அப்போது என்ன காட்டியது என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

அக்குபங்சர் கதை சிக்கலானது. 1971 ஜூலையில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு பெய்ஜிங்கில் குடல்வால் எடுத்தார்கள். ஆபரேஷனுக்குக் கொடுத்தது வழக்கமான மரப்பு ஊசிதான். மறுநாள் இரவு வயிறு உப்பி அவதிப்பட்டபோதுதான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் மெல்லிய ஊசிகளைச் செருகினார்கள். ரெஸ்டன் அதை ஒளிக்காமல்தான் எழுதினார். ஆனால் சீனாவில் ஊசி குத்தியே வயிற்றைக் கிழிக்கிறார்கள் என்ற செய்திதான் உலகம் சுற்றியது. அந்தப் பெரிய உரிமைக்கோரல் நிலைக்கவில்லை. சின்ன ஒன்று நிலைத்தது. உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு புள்ளி. அங்கே ஊசியாலோ அழுத்தப் பட்டையாலோ தூண்டினால், மயக்க மருந்துக்குப் பின் வரும் குமட்டலும் வாந்தியும் குறைகின்றன. பல சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வுகள் இதை வாந்தி மருந்துகளுக்கு ஏறக்குறைய இணையாக வைக்கின்றன.

இங்கே ஒரு சொல்லோடு தகராறு செய்தே ஆக வேண்டும். இவற்றையெல்லாம் நாம் ‘மாற்று மருத்துவம்’ என்ற ஒரே கூடையில் போடுகிறோம். மாற்று என்றால் அதற்குப் பதில் இது. துணை என்றால் அதோடு இது. கையைப் பிடித்துக்கொள்வதும் பாட்டும் மூச்சுப் பயிற்சியும் துணை, மருந்தோடு மோதுவதில்லை. வாயால் விழுங்கும் மூலிகை அப்படியல்ல. அதுவும் மருந்துதான், ஆகவே மோதும். அமுக்கரா கிழங்கின் தாவரவியல் பெயரிலேயே தூக்கம் வரவழைப்பது என்ற பொருளில் ‘சோம்னிஃபெரா’ இருக்கிறது. மயக்க மருந்தோடு சேர்ந்தால் மயக்கத்தைக் கூட்டலாம். அதிமதுரத்தை நாள்கணக்கில் சாப்பிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும். இரண்டுமே இதயத்துக்கு ஆகாது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மேல்நாட்டு மூலிகை, மிடசோலத்தைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்கிறது. குழம்பில் போடும் பூண்டால் ஒன்றும் ஆகாது. செறிவூட்டிய பூண்டு மாத்திரை ரத்தம் உறைவதைத் தாமதிக்கலாம். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே இவற்றையெல்லாம் நிறுத்தச் சொல்வது பொதுவான வழக்கம். நிறுத்துவதற்கு முதலில் யாராவது சொல்ல வேண்டும்.

என் ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் மயக்க டாக்டர் வார்டுக்கு வந்தார். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து என்னோடு பேசிவிட்டு, பக்கத்துக் கட்டில் பெரியவரிடம் போனார். அவருக்கு மறுநாள் பித்தப்பை ஆபரேஷன்.

“ஐயா, வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?”

“பிரஷருக்கு ஒரு மாத்திரைதாம்மா. அதைத்தான் சீட்டுல எழுதியிருக்காங்களே.”

“அது பார்த்துட்டேன். அதைத் தவிர?”

“ஒண்ணும் இல்ல.”

டாக்டர் எழுந்திருக்கவில்லை. பேனாவை மூடிப் பையில் வைத்தார். பெரியவருக்கு எந்த ஊர், பேரன் பேத்தி எத்தனை, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தூக்கத்துக்கு வந்ததும் பெரியவர் முகம் மலர்ந்தது.

“முன்னாடி வராது. இப்ப நல்லா வருது. ஊர்ல வைத்தியர் ஒரு சூரணம் குடுத்தார். பால்ல போட்டுக் குடிக்கிறேன், ஆறு மாசமா.”

“அதைச் சொல்லலையே, ஐயா.”

“நீங்க மருந்தான்னு கேட்டீங்க, டாக்டரம்மா. அது நாட்டு மருந்தில்ல?”

“இங்கேயும் கொண்டுவந்திருக்கீங்களா?”

பெரியவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலையணையைத் தூக்கி, நூல் சுற்றிய காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் பிரித்து முகர்ந்து பார்த்தார், பேனாவை மறுபடி எடுத்தார்.

“நேத்து ராத்திரி எத்தனை ஸ்பூன்?”